தூரம் தெரிகிற கேமரா

என் கணவர் மைதீன் சவுதியில், தம்மாமில் மௌத்தாகி அங்கேயே அடக்கமாகிவிட்டார். அவருடைய சாமான்கள் மட்டும் ஒரு அட்டைப்பெட்டியில் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தன. பெட்டியைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் அதைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். நல்ல நைலான் கயிறு, துணி காயப்போடக் கொடி கட்டலாம் என்று தோன்றியது.

செய்தி வந்த நாளிலிருந்தே நான் அப்படித்தான் இருந்தேன். சோறு வைத்தால் சாப்பிட்டேன், படுக்கச் சொன்னால் படுத்தேன். முகத்தைப் பார்த்திருந்தால் அழுகை வந்திருக்கும் என்று கடையநல்லூரிலிருந்து வந்த என் அண்ணன் அல் அமீன் சொன்னான். இருக்கலாம். அவர் இருந்தபோதும் ஃபோனில் ஒரு குரல், போனபோதும் ஃபோனில் ஒரு குரல். இதில் எந்த இடத்தில் அழ ஆரம்பிப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் உறைக்காது அல்லவா, அதே மரப்பு உச்சந்தலை வரை ஏறியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் "கல்நெஞ்சுக்காரி" என்று பேசிக்கொண்டது காதில் விழத்தான் செய்தது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெட்டியில் நான்கு கைலி, ஒரு தொழுகை விரிப்பு, ஒரு கைக்கடிகாரம், அப்புறம் மூன்று காலுறைகளுக்குள் மூன்று கேமரா லென்ஸுகள் இருந்தன. அவர் அங்கே ஒரு கிட்டங்கியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால் பழைய சாமான் சந்தைக்குப் போய் யாரும் சீண்டாத லென்ஸுகளைப் பார்த்து வாங்குவார். அவற்றைத் தன் கேமராவில் மாட்டி, அறையில் இருக்கும் பையன்களைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவார். "கண்ணைப் பாரு ஷாஹின், இமை முடி எண்ணலாம்" என்பார். நான் அடுப்பில் ஒரு கண் வைத்துக்கொண்டு சரி சரி என்பேன். அந்தக் கேமரா தண்ணீர் பட்டுக் கெட்டுப்போனது. அடுத்த விடுப்பில் ஊருக்கு வந்து, லென்ஸுக்குத் தோதாக மலிவில் ஒன்று வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய லென்ஸுக்கு மோட்டார் கிடையாது. கழுத்தில் ஒரு வளையம் இருக்கும், அதைக் கையால் திருகித்தான் கிட்டத்தில் இருப்பதையோ தூரத்தில் இருப்பதையோ தெளிவாக்க வேண்டும். திருகிய விரலை எடுத்தால் வளையம் அந்த இடத்திலேயே நிற்கும். மூன்று லென்ஸிலும் வளையம் ஒரே குறியில் நின்றிருந்தது. எட்டைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு குறி. அது தொலைதூரத்துக்கு உள்ள குறி என்று முன்பு ஒரு தரம் அவரே சொல்லியிருந்தார்.

அப்படியானால் கேமரா கெடுவதற்கு முன்னால் கடைசியாக அவர் தூரத்தில் எதையோ பார்த்திருக்கிறார். என் மாமியார் ஜெய்னபிடம் குறியைக் காட்டினேன். மாமி கையில் வாங்கக்கூட இல்லை.

"மக்கா பக்கம் பாத்துருப்பான்" என்றார்கள்.

நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் எனக்கு வேறு எண்ணம். கடலுக்கு இந்தப் பக்கம், எங்களைத்தான் அவர் பார்த்திருப்பார். நேரில் தெரியாது என்றாலும் பார்க்கிற மனுஷன்தான்.

முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர் பார்த்த மாதிரியாவது, அவர் திருகி வைத்த வளையத்தைத் தொடாமல், அந்த லென்ஸ் வழியாக ஒரே ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். பார்த்தால் எனக்குள் ஏதாவது அசையும். அசையாவிட்டால் சாகிற வரைக்கும் இப்படியே இருந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அப்போது எனக்குள் உயிரோடு இருந்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

பார்ப்பதற்குக் கேமரா வேண்டும். நானோ இத்தாவில் இருந்தேன். கணவன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். கடைக்குப் போக முடியாது, அந்நிய ஆண்கள் முன்னால் வர முடியாது. என் நாத்தனார் ரூபியா கேமராவைக் கண்ணால் பார்த்ததோடு சரி. அவள்தான் விசாரித்து, தேரடிப் பக்கம் கேமரா ரிப்பேர் கடை வைத்திருக்கும் விஜய்சங்கர் அண்ணாச்சியின் நம்பரை வாங்கி வந்தாள். அந்நிய ஆளிடம் ஃபோனில் பேசலாமா என்று அடுத்த கேள்வி வந்தது. ஸ்பீக்கரில் போட்டு, தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பேசலாம் என்று மாமி ஃபத்வா கொடுத்தார்கள்.

"அண்ணாச்சி, பழைய லென்சு மூணு இருக்கு. அதுக்குத் தோதா, குறைஞ்ச விலையில ஒரு டிஜிட்டல் கேமரா வேணும். பாடி மட்டும் போதும்."

"யானை வாங்குனவன் அங்குசத்துக்கு அலைவான்பாக. நீங்க அங்குசத்த வச்சுக்கிட்டு யானைக்கு அலையுதிய" என்று சிரித்தார். "எதுக்கும்மா எடுக்கப் போறிய?"

"கல்யாணத்துல பொம்பளைங்க பக்கம் எடுக்க."

வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் கல்யாணங்களில் பெண்கள் இருக்கிற பக்கம் ஆண் கேமராக்காரரை விட மாட்டார்கள். படம் எடுக்கத் தெரிந்த ஒரு பெண் கிடைக்க மாட்டாளா என்று ஆளுக்கு ஆள் தேடுவார்கள். அதனால் அண்ணாச்சிக்கு அது நல்ல காரணமாகப் பட்டது. மாமிக்கும் பட்டது. எனக்கு ஒரு தொழில் ஆகட்டும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், நானும் நினைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

"லென்ச கொடுத்துவிடுங்க. எதுல பொருந்துதுன்னு மாட்டிப் பாத்துச் சொல்லுதேன்."

"லென்சு வராது அண்ணாச்சி."

மாட்டினால் திருகிப் பார்ப்பார். திருகினால் எல்லாம் போயிற்று. லென்ஸின் பின்பக்க மூடியை மட்டும் கழற்றி ரூபியாவிடம் கொடுத்தனுப்பினேன். அதுவும் திருகு மூடிதான், பொருத்தம் பார்க்க அது போதும் என்று எனக்கே தெரிந்திருந்தது. அண்ணாச்சி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஃபோன் போட்டார்.

"பொண்ணு பாக்க வந்தவனுக்குச் செருப்ப மட்டும் காட்டுன கதையால்லா இருக்கு! சரி, இது திருகி மாட்டுற பழைய மாடலு. எங்கிட்ட ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர் கிடக்கு. நல்ல மலிவு. நடுவுல ஒரு வளையம் போட்டா உங்க லென்சு உக்காந்துரும். ஒரே ஒரு கொற, கிட்டக்க உள்ளது பளிச்சுனு விழும். தூரம் மட்டும் தெளியாது."

"ஏன் தெளியாது?"

"லென்சுக்கும் உள்ள இருக்க சென்சாருக்கும் இத்தன இடைவெளின்னு ஒரு கணக்கு இருக்கும்மா. இந்தக் கேமராவுல அந்த இடைவெளி கொஞ்சம் கூடிப்போச்சு. அதான். கல்யாணப் பொண்ணு மூணடி தள்ளித்தான உக்காரப் போகுது? தூரம் எதுக்கு உங்களுக்கு?"

"எனக்குத் தூரம் தெரியணும் அண்ணாச்சி."

"மண்டபத்துக்குள்ள என்னம்மா தூரம் இருக்கு?"

"தூரம் தெரியாட்டா வேண்டாம்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு, மரியாதை இல்லாமல் பேசிவிட்டோமே என்று நினைத்தேன். நினைப்புதான் வந்தது, வருத்தம் வரவில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சில நாள் கழித்து வேறு கம்பெனி டி.எஸ்.எல்.ஆர் ஒன்று வந்திருக்கிறது என்றார். அதில் இடைவெளி சரியாக இருக்கும், தூரமும் தெளியும், விலையும் கட்டுப்படியாகும். எடுத்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லப் போகும்போது அவர் சும்மா இருக்காமல் விளக்க ஆரம்பித்தார்.

"உள்ள ஒரு கண்ணாடி சாய்வா இருக்கும் பாத்துக்கோங்க. முகம் பாக்குற கண்ணாடி மாதிரியேதான். லென்சு வழியா வாரத அதுதான் உங்க கண்ணுக்குத் திருப்பிக் காட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மாமியின் கை நின்றது.

"ஏட்டி, கண்ணாடியா? இத்தா முடியிறவரைக்கும் கண்ணாடி பாக்கப்படாது."

எங்கள் தெருவில் அப்படி ஒரு வழக்கம். இத்தா இருக்கிறவள் கண்ணாடியில் முகம் பார்க்கக் கூடாது. அது மார்க்கத்தில் இல்லாத விஷயம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே ஜும்மா பயானில் சொல்லியிருக்கிறார். மாமிக்கு அவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் அவர் சின்னப் பையன். நான் சண்டை போட்டிருப்பேன். வாயில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் சண்டைக்கு வேண்டிய சூடு உடம்பில் இல்லை.

"அதுல என் மூஞ்சியா தெரியப்போவுது மாமி? முன்னால இருக்குறதுதான தெரியும்."

"எது தெரிஞ்சாலும் கண்ணாடி கண்ணாடிதான். எம்மவன் பேர்ல இத்தா இருக்க. அது குறையில்லாம முடியட்டும்."

மகனுக்கு அவர்களால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். குளிப்பாட்டவில்லை, கஃபன் துணி எடுத்துக் கொடுக்கவில்லை, மண் அள்ளிப் போடுவதைத் தூர நின்றுகூடப் பார்க்கவில்லை. மகனுக்காக மருமகள் இருக்கும் இத்தாவையாவது பழுதில்லாமல் காவல் காக்கலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் அந்தக் கேமராவையும் வேண்டாம் என்றேன்.

ஸ்பீக்கரில் அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்.

"ஆச்சி, கண்ணாடியே இல்லாத கேமராவும் இருக்கு. புதுசா வாரதெல்லாம் அதுதான். பேரே மிரர்லெஸ். கண்ணாடி கிடையாதுன்னுதான் அர்த்தம். கரிவலம்வந்தநல்லூர்ல கல்யாண வீடியோ எடுக்குற பையன் ஒருத்தன் விக்கப்போறேன்னான். கேட்டுட்டுச் சொல்லுதேன்."

"சத்தியமா இல்லையா?" என்றார்கள் மாமி.

"கழட்டிக் காட்டட்டுமா ஆச்சி?"

"வேண்டாம். நம்புதேன்."

பழைய லென்ஸுக்கு அதைவிடத் தோதான கேமரா கிடையாது என்று பிறகு அவரே சொன்னார். உள்ளே கண்ணாடி இல்லாததால் கேமரா ஒல்லியாக இருக்கும். குறைகிற இடைவெளியை ஒரு வளையம் போட்டு நிரப்பிவிட்டால் எந்தக் காலத்து லென்ஸும் உட்காரும், கிட்டமும் தெளியும், தூரமும் தெளியும். மாமியின் சட்டம் என்னைச் சரியான கேமராவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மச்சான் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்கு ஃபோன் போட்டு, உங்க உம்மா கேமரா ஜோசியம் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருப்பேன். இத்தாவுக்காகக் கழற்றி வைத்திருந்த வளையலில் ஒன்றை ரூபியாவிடம் கொடுத்து விற்று வரச் சொன்னேன்.

கேமரா வந்தது. கறுப்பு நிறம், ஒரு மூலையில் பூச்சு உரிந்து, பின்பக்க ஸ்கிரீனில் ஒரு கீறலோடு. நடுவில் போடுகிற வளையத்தையும் அண்ணாச்சி அதில் மாட்டியே அனுப்பியிருந்தார். பழைய லென்ஸை மாட்டினாலும் மாட்டவில்லை என்று நினைத்துக் கேமரா படம் எடுக்க மறுக்கும், அதற்கு உள்ளே ஒரு செட்டிங்கை மாற்றி வைத்திருக்கிறேன் என்று ரூபியாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல மனிதர். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

லென்ஸ் மூன்றில் சின்னதை எடுத்தேன். பிஸ்மி சொல்லி, லென்ஸின் கழுத்து வளையத்தில் விரல் படாமல் அடிப்பக்கத்தைப் பிடித்துத் திருகி மாட்டினேன். பின்னறை ஜன்னல் மேற்கே பார்த்தது. மாமிக்கு அதில் திருப்தி. மேற்கே பார்த்தால் கிப்லா, தொழுகிற திசை. ஜன்னல் ஓரம் அவர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கேமராவை ஆன் பண்ணினேன்.

தூரம் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர், அதற்கும் அப்பால் வெளிறிப்போய் மலை. டவரில் உட்கார்ந்திருந்த காக்கை உள்பட எல்லாம் வெட்டி ஒட்டிய மாதிரி தெளிவாக இருந்தது. கேமராவைத் திருப்பினால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மாமி வெறும் வெள்ளைப் புகையாகத் தெரிந்தார்கள். மூக்கு இல்லை, கண் இல்லை. மறுபடி மலையைப் பார்த்தேன். கை வலிக்கும் வரை பார்த்தேன்.

"என்னட்டி தெரியுது?"

"மல தெரியுது."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல மாமி."

எனக்குள்ளும் ஒன்றும் இல்லை. எதுவும் அசையவில்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கியது வீண் என்றுகூடத் தோன்றவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, மதியத்துக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசித்தேன்.

அந்த வாரக் கடைசியில் முகம்மது ஆரிப் வந்தான். தம்மாமில் மச்சானோடு ஒரே அறையில் இருந்தவன், திருவேங்கடத்துப் பையன், விடுப்பில் வந்திருந்தான். சாமான்களைக் கட்டி அனுப்பியதும் அவன்தான். முன்னறையில் மாமி முன்னால் உட்கார்ந்தான். நான் கதவுத் திரைக்குப் பின்னால், கேமராவும் கையுமாக நின்றேன்.

மாமி கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னான். எவ்வளவு பேர் ஜனாஸா தொழுகைக்கு வந்தார்கள், யார் தொழவைத்தார், எந்த இடத்தில் அடக்கினார்கள். எல்லாம் ஏற்கெனவே ஃபோனில் கேட்டதுதான். நான் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"தம்பி, கடைசியா அவுக இந்த லென்சுல எதப் பாத்தாக? மூணும் தூரத்துக் குறியிலயே இருக்கே."

"அது நான் வச்சது மைனி" என்றான். அவன் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. "அந்தக் குறிக்குத் திருகுனா லென்சு உள்ள இழுத்துக் குட்டையாயிரும். அண்ணன்தான் சொல்லித் தந்தாக. நீட்டிக்கிட்டு இருந்தா வழியில அடிபட்டுரும்லா? அதான் மூணையும் நல்லாத் திருகி, சாக்ஸுக்குள்ள போட்டுக் கட்டுனேன்."

மக்காவும் இல்லை, நாங்களும் இல்லை. சாமான் கட்டுகிறவன் செய்கிற வேலை. ஒன்றுக்கு மூன்றும் ஒரே குறியில் இருந்தபோதே யோசித்திருக்க வேண்டும். அந்த வளையத்தைத் தொடக்கூடாது என்று நான் எத்தனை பாடு பட்டேன் என்று நினைத்தேன். அதற்கும் அழுகை வரவில்லை.

"படமெல்லாம் கேமரா கெட்டதுல இருந்து எடுக்கல மைனி" என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனான். "அந்தச் சின்ன லென்சு மட்டும் தலைமாட்டுலயே கிடக்கும். மாத்திரை படிக்க."

"என்ன மாத்திரை?" என்றார்கள் மாமி.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லு என்று மாமி அதட்டினார்கள்.

"நெஞ்சு வலிக்குன்னு ரெண்டு மூணு தடவ ஆஸ்பத்திரிக்குப் போனாக பெரியம்மா. வீட்டுல சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. தெனம் சாப்புடுறது ஒரு மாத்திரை, வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்கிறது ஒண்ணு. ரெண்டு அட்டையும் ஒண்ணுபோலயே இருக்கும். எழுத்து பொடிப்பொடியா இருக்கும். அண்ணனுக்கு வெள்ளெழுத்து வந்துருச்சு. கண்ணாடி போட்டா வயசானவன்னு வேலைய விட்டுத் தூக்கிருவானோன்னு பயந்து போடாமலே இருந்தாக. லென்ச கண்ணுல வச்சுத்தான் எது எந்த மாத்திரைன்னு பாப்பாக."

வெள்ளெழுத்து. கிட்டத்தில் இருப்பது தெரியாமல் போவது. நான் அனுப்பிய செய்திகளுக்கு எழுத்தில் பதில் போடாமல், ஃபோன் பண்ணு ஃபோன் பண்ணு என்று அவர் சொன்னதெல்லாம் அதற்குத்தானா? சோம்பேறி என்று எத்தனை தரம் திட்டியிருப்பேன். எனக்குத் தெரியாது. இமை முடி எண்ணலாம் என்று சொன்ன மனுஷனுக்கு எழுத்துத் தெரியவில்லை என்று எனக்குத் தெரியாது.

"அன்னைக்கும் லென்ச வச்சுப் பாத்தானா?" என்றார்கள் மாமி. குரல் கீழே இறங்கியிருந்தது.

"கட்டிலுக்குக் கீழ கிடந்துச்சு பெரியம்மா. ஒரு அட்டையும் கிடந்துச்சு."

"தெரிஞ்சுதாலே அவனுக்கு?"

ஆரிப் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"எது எந்த மாத்திரைன்னு அவனுக்குத் தெரிஞ்சுதான்னு கேக்கேன்."

"நான் டியூட்டிக்குப் போயிட்டேன் பெரியம்மா" என்றான் ஆரிப். சொல்லிவிட்டு அழுதான்.

அவன் போன பிறகு மாமி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து, தலையணைக்கு அடியில் வைத்திருந்த தன் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார்கள். அதை என் முன்னால் நீட்டினார்கள்.

"அந்தச் சின்னத கழட்டு. கழட்டிக் கண்ணுல வச்சு இதப் படி."

கேமராவிலிருந்து லென்ஸைத் திருகிக் கழற்றினேன். அட்டையின் வெள்ளி முதுகில் எழுத்துகள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன. வெறும் கண்ணுக்கு எனக்கே சரியாகத் தெரியவில்லை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, அட்டையை மெல்லக் கிட்டே கொண்டுவந்தேன். முதலில் கலங்கலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்ததும் எழுத்துகள் சட்டென்று எழுந்து நின்றன, ஒவ்வொன்றும் மணி மணியாக.

"தெரியுதாட்டி?"

"தெரியுது மாமி."

"நல்லாத் தெரியுதா? எனக்காகச் சொல்லாத."

"நல்லாத் தெரியுது மாமி. பேரு, அளவு, தேதி, புள்ளிகூடத் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கட்டிலில் தனியாக உட்கார்ந்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இதே போல லென்ஸைக் கண்ணில் வைத்து அட்டையைக் கிட்டே கொண்டுவருவது எனக்குத் தெரிந்தது. நான் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான் என்று அப்போது தெரிந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். அழுகை வந்தது. எனக்கு அடக்கத் தெரியவில்லை.

மாமி என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அவனும் படிச்சிருப்பான்" என்றார்கள். "எம்மவன் படிச்சிருப்பான்."